ஆடி மாதத்தில் போடிமெட்டுக்கு ஓடிய மாப்பிள்ளை

போடியில் ஓடுகிறவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. ஒருவன் ரோட்டில் ஓடினால் பஸ்சைப் பிடிக்க ஓட வேண்டும், இல்லை நாய் துரத்தியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வீட்டில் யாருக்கோ முடியாமல் போயிருக்க வேண்டும். இது எதுவுமே இல்லாமல் வளர்ந்த ஆம்பளைகள் மூன்று பேர் அரை டவுசரோடு காலங்காத்தாலே ஓடினால் ஊர் பொறுக்குமா? பால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டே கூட வந்து, "என்னண்ணே, யாருக்கு என்ன?" என்று கேட்பார். ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறோம் என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "சொல்ல இஷ்டமில்லாட்டி விடுங்க" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவார். அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

எங்களை இந்தக் கூத்தில் இழுத்துவிட்டவன் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. அப்போது டிரில் மாஸ்டராக இருந்தான். மதுரைக்குப் போன இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த மாரத்தான் நோட்டீசைப் பார்த்துவிட்டு வந்தான். மார்கழியில் ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். "மலையடிவாரத்துல பொறந்தவனுக்கு மதுரை ரோடெல்லாம் ஒரு ரோடாடா?" என்றான். அவன் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஓடு என்பதற்கும் விசில், நில் என்பதற்கும் விசில், டீ குடிக்கலாம் என்பதற்கும் விசில். மூன்றாவது ஆள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த டெய்லர். ஓடினால் தொந்தி கரையும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த அப்பாவி. எங்கள் மூன்று பேருக்கும் டவுசர் தைத்தவன் அவன்தான். துணி, கடையில் மிஞ்சிய தலையணை உறைத் துணி. என் டவுசரின் பின்பக்கத்தில் ஒரு பெரிய செம்பருத்திப் பூ வந்து உட்கார்ந்துகொண்டது. மாற்றித் தைத்துக் கொடு என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். "பின்னால வர்றவனுக்குத்தானே தெரியும், உனக்கென்ன?" என்று சொல்லிவிட்டான்.

நான் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தேன். அந்த வைகாசியில்தான் கல்யாணமாகியிருந்தது. பெண் தேவாரத்துக்காரி. ஆனி மாதம் போனதே தெரியவில்லை. ஆடி பிறக்கப் போகிறது என்றதும் மாமனார் சீர்த்தட்டோடு வந்தார், வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். புதுப்பெண் ஆடி முழுக்கப் பிறந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆடியில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பது பெரியவர்கள் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். எனக்குத்தான் வீடு வெறிச்சென்று ஆகிப்போனது. அவளைப் பார்க்க வேண்டும் போலவே இருந்தது. சாப்பிடும்போதும், ஏலக்காய் பொறுக்கும்போதும், ஏன், முடி வெட்டிக்கொள்ளும்போதும். இதைப் போய் யாரிடம் சொல்வது? ஆடி மாதத்தில் மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

அவள் கிளம்பும்போது மாரத்தான் விஷயத்தைச் சொன்னேன். "நீங்களா? முக்குக் கடைக்கே சைக்கிள் எடுக்குற ஆளு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. மார்கழியில் அவளை மதுரையில் ரோட்டோரம் நிறுத்தி, அவள் கண் முன்னால் ஓடிக் காட்டாவிட்டால் நான் மனுசனே இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மலையில் பாதித் தூரம் ஓடிவிட்டால் மதுரையில் முழுத் தூரமும் தன்னால் வந்துவிடும் என்பது டிரில் மாஸ்டரின் கண்டுபிடிப்பு. மீட்டர் வேலை செய்கிற ஜீப்பு ஒன்றை எப்படியோ தேடிப் பிடித்து அளந்தான். அடிவாரத்து முந்தலுக்குக் கீழே ஒரு புளியமரத்திலிருந்து மலை உச்சியில் கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டு செக்போஸ்ட் வரைக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் புளியமரத்தடியில் நின்று மூன்று பேரும் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தோம். இடையில் நிற்கக் கூடாது. எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. நின்றவனுக்கும் ஏறியவனுக்கும் மதுரை கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, நான்தான். டெய்லர் பாதியில் ஏறிவிடுவான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

கீழே ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே மலை முழுக்க மஞ்சு, வெள்ளையாக மூடுபனி. முதல் நாலைந்து கொண்டை ஊசி வளைவு வரை சுகமாகத்தான் போனது. டிரில் மாஸ்டர் விசிலை ஊதிக்கொண்டு முன்னால் போய் மஞ்சுக்குள் மறைந்துவிட்டான். டெய்லர் எனக்குப் பின்னால் பழைய பஸ்சு மாதிரி இரைத்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு ஜீப்பு ஏறி வந்தது. ஏலக்காய் எடுப்பு தொடங்கியிருந்த நேரம். வேலைக்குப் போகிற பொம்பளைகள் உள்ளே ஆறு பேர் இடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் தலையில் துண்டோடு ஒருவர். மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. என் மாமனார்.

அவர் முதலில் பூவைத்தான் பார்த்திருக்கிறார். பிறகுதான் ஆளை.

"மாப்ளே! என்ன இது, எங்குட்டுப் போறீங்க? ஏறுங்க, ஏறுங்க!"

நிற்கக் கூடாதே. ஓடிக்கொண்டே கும்பிட்டேன். "வேணாம் மாமா. நீங்க போங்க."

"எதுக்கு மாப்ளே ஓடுறீங்க? என்ன விஷயம்?"

மூச்சு இருந்தால் மாரத்தானைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருப்பேன். அந்த ஏற்றத்தில் என்னிடம் இரண்டு சொல்லுக்கு மேல் காற்று இல்லை. "ஒண்ணுமில்ல. சும்மா" என்றேன்.

கெட்டது குடி. எங்கள் பக்கத்தில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை என்ன சொல்வான்? ஒண்ணுமில்லை என்பான். சும்மா என்பான். வேண்டாம், நீங்க போங்க என்பான். அச்சுப் பிசகாமல் அதையேதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் வேறு ஓடி ஓடிச் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. ஜீப்புக்குள் ஒரு அம்மா தெளிவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "அண்ணே, மாப்ளைக்கு முறுக்கு. ஆடிச் சீருல ஏதோ குறை வச்சிட்டீங்க."

மாமனார் முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை கால்நடையாகப் போகும்போது மாமனார் ஜீப்பில் முந்திக்கொண்டு போவாரா? டிரைவரை என் வேகத்துக்கே ஓட்டச் சொன்னார். ஜீப்பு ஒன்றாவது கியரில் என் பக்கத்திலேயே உறுமிக்கொண்டு வந்தது. அடுத்த வளைவில் தலையை வெளியே நீட்டினார்.

"மாப்ளே, ஒரு மோதிரம் போட்டுர்றேன். ஏறுங்க."

தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றுதான் ஆட்டினேன். அவர் கண்ணுக்கு அது பத்தாது என்பது போலப் பட்டிருக்கிறது. அதற்கடுத்த வளைவில் கைக்கடிகாரம் சேர்ந்தது. அதற்கும் மேலே ஒரு கறவை மாடு. நான் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? இதற்குள் ஜீப்புக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஜீப்பு, லோடு லாரி ஒன்று, அதற்கும் பின்னால் மூணாறு பஸ்சு என்று வரிசை கட்டி நின்றுவிட்டது. ஆரன் சத்தத்தில் குரங்கெல்லாம் மரத்தைவிட்டு இறங்கி ஓடின. பஸ் கண்டக்டர் இறங்கி நடந்தே வந்து விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் கோபமெல்லாம் போய் அவரும் பஞ்சாயத்தில் சேர்ந்துகொண்டார். "ஒரு மோட்டார் சைக்கிளைச் சொல்லிப் பாருங்கண்ணே. இப்பெல்லாம் அதான் கேட்குறாய்ங்க."

"சரி மாப்ளே, மோட்டார் சைக்கிளு!" என்று மாமனார் கத்தினார்.

பின்னால் வந்த டெய்லர் என் தோளைப் பிடித்தான். "பங்காளி, ஒத்துக்கடா. பின்னாடி நான் உக்காந்துக்கிறேன்." நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? "பெரிய மனுசன் இவ்வளவு கூப்பிடும்போது ஒருத்தராவது ஏறலேன்னா மரியாதையா இருக்காது" என்று சொல்லிவிட்டு, தாவி ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான். மாமனாரின் தூக்குவாளியைத் திறந்து அவர் சாப்பிட வைத்திருந்த இட்லியைத் தின்றுகொண்டே எனக்காகப் பேரம் பேச ஆரம்பித்தான். "அவன் லேசுல இறங்கி வரமாட்டாண்ணே. ரோசக்காரன். பார்த்துச் செய்ங்க." பாவி!

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அதனால் ஒரு நல்லது நடந்தது. கால்வலி மறந்துபோனது. மோட்டார் சைக்கிளும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், செக்போஸ்டைத் தொட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று ஏறிக்கொண்டே இருந்தேன். குளிர்ந்த சாரல் முகத்தில் அடித்தது. கடைசி வளைவு திரும்பியதும் மஞ்சுக்குள் டீக்கடையின் புகை தெரிந்தது. அதற்கப்பால் செக்போஸ்ட் கம்பு. கம்புக்குப் பக்கத்தில் டிரில் மாஸ்டர் நின்று, வா வா என்று விசிலடித்துக்கொண்டிருந்தான். கூப்பிடு தூரம்தான். மதுரை என் கைக்கு வந்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்று அவள் வாயைப் பிளப்பதைக்கூடப் பார்த்துவிட்டேன்.

அப்போது பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமனார் ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு ஓடி வருகிறார். அறுபதை நெருங்கிய மனுசர். துண்டு எங்கேயோ விழுந்துவிட்டது. கண் கலங்கியிருந்தது.

"மாப்ளே... எம் பிள்ளை எதும் தப்புத்தண்டா பண்ணிருச்சா? என்னன்னு சொல்லிருங்க. அவளும் அங்க சரியாச் சாப்பிட மாட்டேங்குறா. வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. கேட்டா அவளும் ஒண்ணுமில்ல, சும்மாங்குறா." நின்று மூச்சு வாங்கினார். மறுபடி ஓடி வந்தார். "ஆடியாவது கீடியாவது. ஊர் பேசுனாப் பேசிட்டுப் போகுது. நாளைக்கே பிள்ளையைக் கொண்டாந்து விட்டுர்றேன். இந்த ஜீப்புலயே கொண்டாந்து விட்டுர்றேன்."

என் கால் நின்றுவிட்டது.

நானாக நிறுத்தவில்லை. மோதிரத்துக்கும் மாட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நிற்காத கால் அதற்கு மட்டும் தானாக நின்றுவிட்டது. வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாமே! நடு ரோட்டில் நின்று, பல்லெல்லாம் தெரிய, "நெசமாவா மாமா?" என்று கேட்டேன். இவ்வளவு நேரமும் இல்லாத காற்று அதற்கு மட்டும் எங்கிருந்தோ வந்தது. மேலே விசில் விடாமல் கதறியது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாமனார் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், ஏறிவிட்டேன். ஜீப்புக்குள் பொம்பளைகள் குலவை போட்டார்கள். பஸ்சிலிருந்து யாரோ கை தட்டினார்கள். ஒரு அம்மா தன் முந்தானையால் என் மூஞ்சியைத் துடைத்துவிட்டு, "இதுக்குத்தானா தம்பி இந்த ஓட்டம்? கீழேயே சொல்லியிருந்தா நாங்க வெரசாச் சோலிக்குப் போயிருப்போம்ல" என்றார்.

டீக்கடையில் மூச்சு வந்தபிறகு மாரத்தானைப் பற்றி மாமனாரிடம் முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீ ஆற்றிக்கொண்டிருந்த மலையாளத்துக்காரரும் கேட்டுவிட்டு, "எந்தா, வெறுதே ஓடியதாணோ?" என்று வாய்விட்டுச் சிரித்தார். "ஆமாங்க, சும்மாதான் ஓடுனாராம்" என்று மாமனார் அவருக்குத் தமிழில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "அப்ப மோட்டார் சைக்கிள் வேணாம்ல?" என்று உறுதி செய்துகொண்டார். டெய்லர் மட்டும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் கொண்டுவந்து விட்டார். ஊரிலே கேட்டவர்களுக்கெல்லாம், மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றார். முதல்நாள் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். அவள் உள்ளே வந்து பையைக்கூட வைக்காமல், "எதுக்கு ஓடுனீங்க?" என்று கேட்டாள். சும்மா என்றேன். அந்தச் செம்பருத்தி டவுசரை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மார்கழியில் டிரில் மாஸ்டர் ஒருத்தன்தான் மதுரையில் ஓடினான். சட்டம் சட்டம்தானே. நானும் அவளும் ரோட்டோரம் குளுக்கோஸ் தண்ணீரோடு நின்றோம். அவளுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தவனுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். ஊர் திரும்புகிற வரைக்கும் அதைக் கையைவிட்டு இறக்கவில்லை. பஸ்சில் என்னிடம் காட்டிக் காட்டி உயிரை எடுத்தான்.

பெரியவர்கள் கணக்கு தப்பவில்லை. சித்திரையில், தார் ரோடு உருகுகிற வெயிலில், எனக்கு மகள் பிறந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. மாமனார் தேவாரத்திலிருந்து வந்து, பனை விசிறியால் வீசிக்கொண்டே பிள்ளையை ரொம்ப நேரம் பார்த்தார். டிரில் மாஸ்டரும் டம்ளரோடு வந்து நின்றான்.

"அதை உள்ள வச்சிக்கங்க தம்பி" என்றார் மாமனார் அவனிடம். பிள்ளையைத் தூக்கி என் கையில் வைத்தார். "அன்னைக்கு ஓடுன ஓட்டத்துக்குக் கப்பு இந்தா இருக்கு."