சிமியோன் ஒன்றும் பார்க்கவில்லை

சிமியோன் செத்துப் பிழைத்து வந்ததில் ஊருக்குப் பெரிய ஏமாற்றம். ஆஸ்பத்திரியில் அவருடைய இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அமுக்கி அமுக்கி அதை மறுபடி ஓட வைத்தார்கள். அதில் விலா எலும்பு முறிந்தது. இவ்வளவு பாடுபட்டு அங்கே போய்விட்டு வந்த மனுஷன் ஒன்றுமே பார்க்கவில்லை என்கிறாரே.

ஓய்வு பெறும்வரை நிலக்கரிச் சுரங்கத்தில் கிரேன் ஓட்டியவர். கொக்கியில் மாட்டாததைத் தூக்கியதாகச் சொல்லிப் பழக்கமில்லை. பக்கத்து வீட்டு பாரஸ்கிவா முதல் நாளே வாத்து முட்டைகளோடு வந்துவிட்டாள். புருஷன் இறந்தபோது அவர் பெயரில் ஒரு ரேடியோவைத் தானம் கொடுத்திருந்தாள். செத்தவர் பெயரில் இங்கே எதைக் கொடுத்தாலும் அது அங்கே அவர் கைக்குப் போய்ச் சேரும். நல்ல ரேடியோ, சேர்ந்ததா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"சத்தமாச்சும் கேட்டுச்சா அண்ணே?"

"கேக்கல."

"அவரு எப்பவும் சத்தமாத்தான வெப்பாரு."

"பேட்டரி தீந்திருக்கும்," என்றார் சிமியோன். அது வம்பாகப் போயிற்று. மறுநாள் பாரஸ்கிவா தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பேட்டரி தானம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பாதிரியார் வந்து, கோயிலில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். பேச ஒன்றும் இல்லை என்றார் சிமியோன். ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றுவிட்டுப் போனார் பாதிரியார். தலைநகர் புகாரெஸ்டின் டிவியில் யாரோ ஒருவன் குகை மாதிரி ஒரு வழியையும் அதன் முடிவில் வெளிச்சத்தையும் பார்த்ததாகச் சொன்னானாம். அவனுக்குத் தெரிந்தது இவருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்று கடையில் கேட்டார்கள். பரீட்சையில் தவறியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மனைவி தோம்னிகா மட்டும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கவனித்தாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் சிமியோனுக்குப் பயமாக இருந்தது.

அவர்களுடைய ஒரே மகன் ரெமுஸ், ஜியு ஆற்றில் மூழ்கிச் செத்தவன். சாகிறவர் கையில் எரியும் மெழுகுவர்த்தியைக் கொடுத்துப் பிடிக்க வைக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில்தான் வழி தெரியும். ஆற்றுக்குள் யார் கொடுப்பது? பிள்ளை இருட்டில் நிற்கிறான் என்பது அன்றிலிருந்து தோம்னிகாவின் கவலை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவன் பெயரில் மெழுகுவர்த்தியும் ஒரு ஜோடி ஷூவும் கொடுப்பாள். ஷூ பாரஸ்கிவாவின் மருமகன் பொம்பிலியுவுக்கு. அவனுக்கும் ரெமுஸின் அளவுதான். ஒரு வருடம் ஷூ கடிக்கிறது என்று பொம்பிலியு வாய் தவறிச் சொல்லிவிட்டான். அப்படியானால் ரெமுஸுக்கும் கடிக்குமே என்று தோம்னிகா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இருட்டா இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல தோம்னிகா."

"ஒண்ணும் இல்லன்னா இருட்டுதான?"

"இருட்டுன்னு தெரியவும் ஒரு ஆளு வேணும்ல. நானே இல்ல அங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உன் கையிலயும் மெழுகுவர்த்தி இல்ல. ஆஸ்பத்திரியில யாரு குடுப்பா? அதான் உனக்கும் தெரியல."

இல்லாததற்கு நிறம் ஏது? எப்படிச் சொன்னாலும் அவள் காதில் அது இருட்டாகவே விழுந்தது. அன்றிலிருந்து பகலிலும் சமையலறையில் விளக்கைப் போட்டே வைத்தாள். அவர் அணைப்பார், அவள் மறுபடி போடுவாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிமியோன் பொய் சொல்லத் துணிந்தார். கோழிக்குத் தீனி போடும்போது, பெரிய விஷயம் இல்லை என்பது போல, "யோசிச்சுப் பாத்தா, சின்னதா ஒரு வெளிச்சம் இருந்த மாதிரிதான் இருக்கு," என்றார்.

தோம்னிகா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பொய் சொல்ற ஆளே இல்ல மனுஷா. நீயே பொய் சொல்றேன்னா, அங்க எவ்வளவு இருட்டா இருந்திருக்கணும்."

தீனிச் சட்டியைச் சுவரில் எறிந்தார். விலா வலித்ததுதான் மிச்சம்.

இளவயதில் செத்தவர்களுக்காக ஈஸ்டருக்கு மறுநாள் மைதானத்தில் கைகோத்து வட்டமாக ஆடுவார்கள். ஒருவர் எரியும் மெழுகுவர்த்தியோடு முன்னால் ஆட, ஆட்டமும் வெளிச்சமும் செத்தவனுக்குப் போய்ச் சேரும். ரெமுஸ் பெயரில் தோம்னிகா வருடாவருடம் ஏற்பாடு செய்வாள்; பொம்பிலியு முன்னால் ஆடுவான்; சிமியோன் வேலிக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த முறை பொம்பிலியு புது ஷூ போட்டுக்கொண்டு தயாராக நின்றபோது, சிமியோன் போய் அவன் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

"எலும்பு இன்னும் ஒட்டலையே மாமா," என்றான் அவன்.

"நீ ஒன் காலைப் பாத்து ஆடு. ஷூவத் தேய்க்காத."

ஃபிடிலும் அக்கார்டியனும் தொடங்கின. சுற்று முடிவதற்குள் காற்று சுடரை அணைத்தது. பாரஸ்கிவா ஓடிவந்து பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது. மறுபடி பற்றவைத்ததும், சிமியோன் தொப்பியைக் கழற்றிச் சுடரை மறைத்துக்கொண்டு ஆடினார். குதிக்கும்போதெல்லாம் விலாவில் குத்தியது. அங்கே ஒன்றும் இல்லை. அது இந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தும் அந்தச் சனியன் பிடித்த திரி அணையும்போதெல்லாம் ஏன் பாரஸ்கிவாவைக் கத்திக் கூப்பிடுகிறோம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. பாட்டு முடிந்தபோது கையில் வெறும் புகைதான் இருந்தது. தோம்னிகா அந்தப் புகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியக்காரர்கள் அடுத்த குடும்பத்தின் பக்கம் நகரப் பார்த்தார்கள்.

"நிறுத்தாதீங்க," என்றார் சிமியோன், மூச்சு வாங்க. "மொதல்லேர்ந்து வாசிங்க." பிறகு, கோபம் குறையாமலேயே தோம்னிகாவிடம் திரும்பினார். "அங்க நின்னு என்ன பாக்குற? இந்தப் பக்கம் வந்து காத்த மறை."

அவள் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்தாள். பாரஸ்கிவா தீப்பெட்டியைத் தேடினாள்.