மேலுமலை ஏற்றத்தில் இரண்டு கம்பெனி

நான் கண்டக்டராக இருந்த பஸ் கம்பெனிக்கு முதலாளிகள் இரண்டு பேர், கவுண்டரும் ரெட்டியாரும். ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே எங்கள் இரண்டு வண்டிகள் ஓடின. முதலாளிகள் இருவரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். அவர்களுக்குள் என்ன மனஸ்தாபம் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு நாள் காலையில் ஷெட்டில் நின்று பாகம் பிரித்தார்கள்.

நிலம் பிரித்துப் பழகிய குடும்பங்கள். எதையும் சரிபாதியாக வெட்டினால்தான் திருப்தி. ஆளுக்கு ஒரு வண்டி. ஜாக்கி கவுண்டருக்கு, அதைத் திருப்பும் கம்பி ரெட்டியாருக்கு! அப்புறம் ஆட்கள். மலை ஏற்றம் நன்றாகப் பழகியவர்கள் இரண்டே பேர், டிரைவர் நஞ்சப்பாவும் நானும். அவர் ரெட்டியார் பங்கு, நான் கவுண்டர் பங்கு. உழவுமாட்டு ஜோடியை அவிழ்த்து ஆளுக்கொன்றாக ஓட்டிக்கொண்டு போன மாதிரிதான்.

நஞ்சப்பா கன்னடக்காரர், என்னைவிட மூத்தவர். மேலுமலை ஏற்றத்தில் பழைய வண்டி பாதியில் நின்றுவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது. கண்டக்டர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். நஞ்சப்பா வாய் திறந்து கூப்பிட மாட்டார். தன் பக்கத்துக் கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அதற்குள் நான் கீழே இருப்பேன். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பிரிந்த பிறகு கவுண்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "அந்தக் கம்பெனி ஆளுங்களோட பேச்சு வெச்சுக்காதே. அவுங்க வண்டி நின்னா நிக்கட்டும். மீறினா உனக்கு வேலை கெடையாது."

எனக்குக் கைக்குழந்தை இருந்த நேரம். பஸ் ஸ்டாண்டில் நஞ்சப்பாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவேன். அது எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

ஒரு சந்தை நாளில் அவர் வண்டி முன்னால் ஏற, எங்கள் வண்டி பின்னால் போனது. அவர் வண்டியில் படிக்கட்டு வரை ஆட்களும் கோழிக்கூடைகளும். வளைவில் அது நின்றது. மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. ஒரு பக்கம் பள்ளம். அவர்களுடைய புதுக் கண்டக்டர் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு இறங்க முடியாமல் தவிக்கிறார்.

அப்போது தகரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வண்டிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி அவர் சக்கரத்துக்குக் கீழே தள்ளினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நஞ்சப்பா இறங்கி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பந்தியா?" என்றார் கன்னடத்தில், வந்தாயா என்று.

சாயங்காலம் கவுண்டர் கூப்பிட்டனுப்பினார்.

"யாரைக் கேட்டு எறங்கினே?"

"நஞ்சப்பாண்ணன் தட்டினாருங்க."

"அவன் நம்ம ஆளா?"

"இல்லீங்க. ஆனா அவர் தட்டினது எனக்குத்தானுங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். கவுண்டர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்றார். நேராக ரெட்டியார் ஷெட்டுக்குப் போனோம். பிரிந்த பிறகு அன்றுதான் அங்கே கால் வைக்கிறார்.

"இவனை நீயே வெச்சுக்க. உன் டிரைவருக்கு இவன் இல்லாம ஆவாது" என்றார்.

"உனக்குக் கண்டக்டரு?" என்று கேட்டார் ரெட்டியார்.

"பாத்துக்கிறேன்."

ரெட்டியார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு, "வந்ததுதான் வந்தே, ஒக்காந்துட்டுப் போ" என்றார். கவுண்டர் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன்.

கம்பெனி மறுபடி ஒன்றாகவில்லை. ஆனால் கவுண்டருக்கு வந்த புதுக் கண்டக்டருக்கு மலை ஏற்றம் பழக்கிவிட நஞ்சப்பாவையும் என்னையும்தான் அனுப்பினார் ரெட்டியார்.

பின்னாளில் பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, டிரைவர் கண்டக்டர்களுக்கு டூட்டி போடும் பொறுப்பு எனக்கு வந்தது. யாரோடு யார் போக விருப்பம் என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைப் போட்டேன். இப்படி இடம் கொடுத்தால் வேலை கெட்டுப்போகும் என்றார்கள் மேலே இருந்தவர்கள். நான் ரிட்டையர் ஆகும்வரை கெடவில்லை.