கீபோர்டு நின்ற இடத்தில்

பதினான்கு வருடங்களுக்கு முன், நவம்பர் கடைசி வாரத்தில், தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. அனுப்பியவள் என் மகள். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, மேடைப் பாடகர்கள் காதுக்குள் வைத்துக்கொள்ளும் உயர்ரக இயர்போன்களைச் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 'இன்-இயர் மானிட்டர்' என்று அதற்குப் பெயர். அந்த ஜோடி அவளே உட்கார்ந்து பொருத்திச் சோதித்தது. கூடவே ஒரு சீட்டு: "அப்பா, கேட்டுட்டு நீங்க டைரி எழுதுற மாதிரி எழுதி அனுப்புங்க. நல்லா இருக்குன்னு மட்டும் எழுதாதீங்க."

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. நில அளவைத் துறையில் வேலை. கல்யாணமான வருடத்திலிருந்து ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவன். எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் செயலாளரும் நான்தான். சுருதி விலகினால் முதலில் எனக்குத்தான் தெரியும் என்று குழுவில் சொல்வார்கள். அதை நான் மறுத்ததில்லை.

முதல் நாள் அனுபவம் கௌரவமாக இல்லை. இயர்போனை மாட்டி ஒரு பாட்டைக் கேட்டேன். குரல் இருந்தது, கீழே ஒன்றுமே இல்லை. 'தாழ்ந்த ஒலிகள் வறண்டிருக்கின்றன' என்று குறித்துக்கொண்டு மகளுக்குப் போன் செய்தேன்.

"சின்ன ரப்பரைப் போட்டிருப்பீங்க. காது நல்லா அடைபடணும்பா. வயரைக் காதுக்கு மேல சுத்திப் போட்டீங்களா? எல், ஆர் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எல்லைக் கற்களுக்கு இடையே சங்கிலி பிடித்து அளக்கிறவன், இடதையும் வலதையும் மாற்றி மாட்டியிருக்கிறேன். அதையும் டைரியில் எழுதினேன்.

பெரிய ரப்பரை மாட்டியதும் வேறு உலகம். என் மனைவி சமையலறையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. எதிரில் வந்து நின்று, "என்னங்க, காதுல கார்க்கு வச்சு அடைச்சுட்டாளா உங்க பொண்ணு? இனிமே மளிகை லிஸ்ட்டைத் தபால்ல போடுறேன்" என்றாள்.

அடுத்த நான்கு நாள் மாலையும் கேட்டேன். ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவில், வாசிக்கிறவர் அடுத்த வரிக்கு முன் மூச்சு இழுப்பது தெரிந்தது. தவிலில் குச்சி படும் பக்கத்து அடி அழுத்தமாக விழுந்து உடனே அடங்கியது. வீட்டு ஸ்பீக்கரில் போல இழுத்துக்கொண்டு நிற்கவில்லை. குறையையும் எழுதினேன்: 'நாகஸ்வரம் உச்சிக்குப் போகும்போது ஓர் இடத்தில் காது கூசுகிறது. மத்தியான வெயிலில் தகரக் கூரையைப் பார்ப்பது போல.' மகள் இதைப் படித்துவிட்டு, "நாங்க ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்த இடம்பா அது" என்றாள். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அவள் கடைசியாக ஒன்று கேட்டிருந்தாள். ஒவ்வொரு குரலும் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தனித்தனியாகத் தெரிகிறதா? அதைச் சோதிக்க, யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பதிவு வேண்டும். அப்படி ஒன்றுதான் இருந்தது: அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்கு எங்கள் குழு பாடியது. லீவில் வந்திருந்த மகளே பாட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டரைப் பாடகர்களுக்கு எதிரில் வைத்துப் பதிவு செய்தாள்.

அந்தப் பாட்டு எங்கள் சபையில் பிரசித்தம். முதல் சரணம் முடியும்போது கரண்ட் போய்விட்டது. கீபோர்டு ஊமையானது. நாங்கள் நிறுத்தவில்லை. வெறும் குரலில் இரண்டு சரணம் பாடினோம். ஜெனரேட்டரைப் போட்டு, நான்காம் சரணத்தில் கீபோர்டு திரும்பச் சேர்ந்தபோதுதான் ஓர் இடறல். இரண்டு வரிக்கு எதுவும் ஒட்டாமல், பிறகு சரியாயிற்று.

அந்த இடறலுக்குக் காரணம் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெண்கள் வரிசையின் வலது ஓரத்தில் நின்ற ஒருவர். குத்தாலம் பக்கத்திலிருந்து வந்தவர். கணவர் குவைத்தில் வெல்டர். வடவாற்றுக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பார். குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரண்ட் இல்லாத அந்த இரண்டு சரணமும் அவர் குரல் மட்டும் எங்களோடு சேராமல் மேலே நின்றது. "பக்கத்துல நின்ன எனக்குக் காதே கூசிச்சு" என்று என் மனைவியே சொன்னாள். ஜனவரிக் கூட்டத்தில், 'பெண்கள் வரிசையில் ஒரு குரல் சுருதி விலகியதால் பாட்டு கெட்டது' என்று குழுவின் நோட்டில் எழுதியவன் நான். "இந்த வருஷம் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கங்கம்மா" என்று அவரிடம் போய்ச் சொன்னவனும் நான். "சரிங்க சார்" என்றார். அதற்குப் பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சபையே சேர்ந்து பாடும் பாட்டுக்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் டைரியில் எழுதவில்லை.

இயர்போனில் அந்தப் பாட்டைப் போட்டு, ஒரு தாளில் வயலுக்குப் புலப்படம் வரைவது போல இருபத்தாறு பேருக்கும் புள்ளி வைத்தேன். ஆச்சரியம், பத்தொன்பது பேரை இடத்தோடு பிரிக்க முடிந்தது. மின்விசிறி நிற்கும் சத்தம், யாரோ வளையலை மேலே தள்ளும் சத்தம், வெளியே ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம். மகளின் கைவேலையை நினைத்துப் பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான்காம் சரணம் வந்தது.

கீபோர்டு சேர்ந்தது. இடது பக்கம் இடறியது. நடுவில் இடறியது. வலது பக்கம் ஆண்கள், என் குரல் உட்பட, நன்றாகவே இடறினோம். பெண்கள் வரிசையின் வலது ஓரத்தில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குரல் கீபோர்டோடு அப்படியே பொருந்திப் போய்க்கொண்டிருந்தது.

ஆறு முறை கேட்டேன். பிறகு பதிவை மகளுக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் அலுவலகக் கம்ப்யூட்டரில் அளந்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா, கீபோர்டு இல்லாம பாடினப்ப நீங்க எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிட்டீங்க. கிட்டத்தட்ட அரைச் சுரம். அவங்க மட்டும் எறங்கவே இல்ல."

என் தொழிலில் முதல் பாடமே இதுதான்: வரப்பைப் பார்த்து அளக்காதே, கல்லைப் பார்த்து அள. வரப்பு வருடா வருடம் மண்வெட்டிக்கு நகரும். கல் நகராது. இருபத்தைந்து வரப்புகள் ஒன்றாக நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, கல்தான் இடம் மாறியிருக்கிறது என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. முதலில் குழுத் தலைவரிடம் போனேன். கல்லூரிப் பேராசிரியர், என்னைவிட மூத்தவர்.

"போன வருஷத்துப் பாட்டை இப்ப எதுக்கு சார் தோண்டுறீங்க? அவங்களே மறந்திருப்பாங்க."

"மறந்திருந்தா பாடியிருப்பாங்களே சார். பதினோரு மாசமா வாயைத் திறக்கல."

இயர்போனை மாட்டிவிட்டேன். கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் கேட்டார். "இந்தக் கட்டைக்குரல் யாரு, இப்படிப் பாதாளத்துக்குப் போறது?" என்றார்.

"நீங்கதான் சார். பக்கத்துல நான்."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த பயிற்சி நாளில் எல்லாரும் கேட்க வேண்டும் என்று அவரே சொன்னார். வந்திருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் கேட்கக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ரப்பரை டெட்டால் பஞ்சால் துடைத்தேன். "பாட்டு கேக்க வந்தோமா, ஊசி போட வந்தோமா?" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அவரும் கேட்ட பிறகு கிண்டல் செய்யவில்லை. என் மனைவி கேட்டுவிட்டு, "ஐயோ, இது நானா?" என்றாள்.

பிறகு நோட்டை எடுத்தேன். நில ஆவணத்தில் பிழை இருந்தால் அழிக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். அப்படியே செய்து, எல்லார் முன்னாலும் படித்தேன்: 'இருபத்தைந்து குரல்கள் சுருதி இறங்கின. ஒன்று இறங்கவில்லை.'

மறுநாள் மாலை நானும் மனைவியும் வடவாற்றைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனோம். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, அவர் நின்றார். இயர்போனைக் கொடுத்து, இடது எது வலது எது என்று மட்டும் சொன்னேன். கேட்டார். "ஜெனரேட்டர் இழுக்குற சத்தம்கூட வருது சார்" என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாவது முறை, நான்காம் சரணம் வந்ததும் சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பு எங்க பேர்லதாம்மா. நான்தான் எழுதினேன். எல்லார் முன்னாடியும் திருத்திட்டேன்" என்றேன். "எப்படிம்மா நீங்க மட்டும் எறங்காம இருந்தீங்க?"

"எப்படின்னா என்ன சொல்றது சார். கீபோர்டு எங்க நின்னுச்சோ அங்கேயே நின்னேன். அது திரும்பி வரும்ல? வர்றப்ப நாம அங்க இருக்கணும்ல?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே, புள்ள?" என்றாள் என் மனைவி.

"நீங்க இருபத்தஞ்சு பேரு, அக்கா. நான் ஒருத்தி. எனக்கே நான்தான் தப்புன்னு தோணிப்போச்சு." இயர்போனைச் சுருட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். "இந்தப் பாட்டை எங்க வீட்டுக்காரருக்கு அனுப்ப முடியுமா சார்? நான்தான் கெடுத்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அன்றே அனுப்பினேன். குழுவுக்குத் திரும்ப வருவதாக அந்த அம்மா சொல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த பயிற்சி தொடங்கிக் கால் மணி நேரம் கழித்து, வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையில் வலது ஓரத்தில் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் நின்றிருந்தார்கள். அவர் போய் அங்கே நின்றார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த வருஷமும் ரெண்டு சரணம் கீபோர்டு இல்லாமத்தான். கரண்ட் இருந்தாலும்" என்றார். "அவங்க குரலைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுங்க."

கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில் கரண்ட் இருந்தது. கீபோர்டுக்காரர் முதல் சரணம் முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார். இருபத்தாறு பேரும் வெறும் குரலில் பாடினோம். நான்காம் சரணத்தில் அவர் கையை வைத்தபோது எங்கே சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. முன் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "கீபோர்டு எப்ப வந்துச்சு?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அன்று டைரியில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

என் காது நுட்பமானது என்று நெடுநாள் பெருமைப்பட்டவன் நான். இன்று என் பெருமையெல்லாம், நாங்கள் இருபத்தைந்து பேரும் இறங்கியபோது இறங்காமல் எங்களுக்காகக் காத்துநின்ற ஒருவரோடு ஒரே குழுவில் நின்று பாடுகிறேன் என்பதில்தான்.