உள்ளே விடாத ரத்தம்: செமோருக்கு ஒரு நாள்

ஈப்போ என்றதும் வெள்ளைக் காப்பி, குகைக் கோயில் என்று தேடிக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்கவும். போன சனிக்கிழமை நான் போனது துக்கம் கேட்க. இறந்தவர் குணா அண்ணன், லோரி ஓட்டுநர், வயது நாற்பத்தாறு, டிங்கிக் காய்ச்சல். ஈப்போ பக்கத்துச் செமோரைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வீடு. அவர் இறந்ததில் என் வாய்க்கும் பங்கு உண்டு. அதை அவர் மனைவி தேவி அக்காவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

நான் கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். டிங்கிக் கிருமி நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்தால்தான் பெருக முடியும். அதை நுழையவிடாமல் தடுக்க எது உதவும் என்று பார்ப்பது எங்கள் வேலை. ஒருமுறை டிங்கி வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் இருக்கும். அதற்காகப் போன வருடம் அந்தத் தோட்டத்தில் ஏழு பேரிடம் ரத்தம் எடுத்தோம். குணா அண்ணனின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்த சோதனைத் தட்டில் கிருமி செல்லுக்குள் போகவே இல்லை. அடுத்த முறை போனபோது சந்தோஷத்தில் சொல்லிவிட்டேன்: "அண்ணே, ஒங்க ரத்தம் டிங்கிய உள்ளயே விடல."

பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. டிங்கியில் நான்கு வகை உண்டு. நாங்கள் சோதித்தது அவருக்கு ஏற்கெனவே வந்த வகையை மட்டும். வேறு வகை வந்தால் அதே எதிர்ப்புப் பொருள் கிருமியோடு அரைகுறையாக ஒட்டிக்கொண்டு, அதைத் தடுப்பதற்குப் பதில் செல்லுக்குள் கூட்டிக்கொண்டு போகவும் செய்யலாம். இரண்டாவது முறை வரும் டிங்கி சிலருக்கு மோசமாவதற்கு இது ஒரு காரணம். இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். அன்றைக்கு மதிய வெயில், பசி, மூன்று மணிக்குள் ரத்த மாதிரிகளைக் கொண்டுபோக வேண்டிய அவசரம். மீதியைச் சொல்லாமல் வண்டி ஏறிவிட்டேன்.

பயண விவரம் கேட்பவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து காலை 8.10 மின்சார ரயில், டிக்கெட் 36 ரிங்கிட், 10.40க்கு ஈப்போ. குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், சட்டைக்கு மேல் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலிலிருந்து தோட்டம் வரை 24 கிலோமீட்டர், வாடகைக் காருக்கு 32 ரிங்கிட். திரும்பி வர அங்கே வண்டி கிடைக்காது. ஓட்டுநரையே காத்திருக்கச் சொன்னேன், அதற்கு இன்னொரு 40.

ஓட்டுநர் அண்ணனுக்குச் சந்தேகம். "அந்த எஸ்டேட்ல இப்ப என்னா இருக்கு தங்கச்சி? பால் மரமெல்லாம் வெட்டிட்டாங்க, இப்ப எண்ணெய் எடுக்கிற செம்பனதான். படம் புடிக்கப் போறீங்களா?"

"ஒரு வீட்டுக்குப் போகணும்ண்ணே. சாவு நடந்த வீடு."

அதன் பிறகு அவர் ரேடியோவையும் அணைத்துவிட்டார். மழை தூறிக்கொண்டே வந்தது. தோட்டத்து முனையில் எஞ்சி நின்ற நாலைந்து பால் மரங்களில், பால் பிடிக்கும் மங்கு இன்னும் கட்டியபடியே கிடந்தது, உள்ளே மழைத்தண்ணீர். இறங்கி எல்லாவற்றையும் கவிழ்த்தேன். நேரத்தைக் கடத்தத்தான் அப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவி அக்கா என்னைப் பார்த்ததும் "வாங்க" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு, கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"ரெண்டாவது நாளே கிளினிக் போலாம்னு சொன்னேன். 'எனக்கு டிங்கி வராது லா, லேப்லயே சொல்லிட்டாங்க'ன்னாரு. அஞ்சாவது நாளு காய்ச்சல் விட்டுருச்சு. பாத்தியா, சரியாப் போச்சுன்னு லோரி எடுத்துட்டுப் போயிட்டாரு. சாயந்திரம் ஒரே வயித்து வலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே கையி காலு சில்லுன்னு ஆயிருச்சு."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். நான்கு வகையையும், நான் சொல்லாமல் விட்டதையும். ரயிலில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. எனக்கே என் மீது வெறுப்பாக இருந்தது.

"அப்ப அவரு ரத்தமே உள்ள விட்டுச்சா?"

"இருக்கலாம்க்கா. உறுதியாச் சொல்ல முடியாது."

தேவி அக்கா எழுந்து குடையை எடுத்தார். "எனக்குச் சொல்லி இனிமே என்னா ஆவப் போவுது? இன்னும் ஆறு பேரு ரத்தம் குடுத்தாங்கல்ல? இவரு சொல்லிச் சொல்லி, அவங்களும் தங்களுக்கு வராதுன்னுதான் இருக்காங்க. எந்திரி. செருப்பப் போடு."

அந்த ஆறு வீடுகளும் ஒரே வரிசையில், இருநூறு மீட்டருக்குள். முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொரு வாசலிலும் தேவி அக்கா ஒரே மாதிரி சொன்னார்: "லேப் பொண்ணு. அன்னைக்குச் சொன்னது முழுசா இல்லையாம். கேட்டுக்குங்க." நான் சொல்வேன். ஒரு வீட்டில் கதவையே பாதிதான் திறந்தார்கள். இன்னொரு வீட்டில் ஓர் அண்ணன், "அப்ப எதுக்கு லா எங்க ரத்தத்த எடுத்தீங்க?" என்று கேட்டார். மருந்து கண்டுபிடிக்க என்றேன். எப்ப வரும் என்றார். தெரியாது என்றேன். நான்காவது வீட்டில் தேவி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "காய்ச்சல் விட்டப்புறந்தான் பயப்படணும்னு சொல்லல நீ. அதச் சொல்லு."

இதுபோல ரத்தமோ வேறு சோதனை மாதிரியோ எடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நல்ல முடிவைச் சொல்வதானால் உட்கார்ந்து, முழுசாகச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் சொல்லவே சொல்லாதீர்கள். ஒருமுறை டிங்கி வந்தவருக்கு மறுபடியும் வரலாம், மோசமாகவும் வரலாம். காய்ச்சல் குறையும் நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, கை கால் குளிர்தல் என்று எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈப்போவிலிருந்து திரும்ப மாலை 5.20 ரயில் வசதி. சனிக்கிழமைகளில் இடம் கிடைப்பது கடினம், முன்பே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மேலே எழுதாமல் விட்டிருக்கிறேன். எழுதக் கை வரவில்லை. கார்க் கதவைச் சாத்தும் முன் தேவி அக்கா குனிந்து சொன்னார்:

"ஒன்னத் திட்டணும்னுதான் இத்தன நாளா இருந்தேன். முடியல. நீ சொன்ன அன்னைக்கு, கடையில இருந்தவங்க எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் குடுத்துட்டு வந்தாரு. அவருகிட்ட ஏதோ நல்லது இருக்குன்னு வாயத் தொறந்து சொன்ன மொத ஆளு நீதான்."