கழற்றிய கண்ணாடியை எங்கே வைப்பது

கண்ணாடி உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் கோமதி "அம்மா" என்று கூப்பிட்டதுதான் கேட்டது. கத்தவில்லை. ஏதோ எடுத்துத் தரச் சொல்பவள் போலத்தான் கூப்பிட்டாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டு, கிரைண்டரைத் துடைத்து முடித்த பிறகுதான் பின்பக்கம் போனேன். 

துணி துவைக்கும் இடத்தில் அவள் அசையாமல் நின்றாள். வெறுங்கால். சுற்றிலும் கல்லுப்பைக் கொட்டியது போலக் கண்ணாடித் துண்டுகள். சோப்பு நுரை காலடியில் சிவப்பாகிக்கொண்டிருந்தது. வலது கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"நகரட்டாம்மா?" என்று கேட்டாள்.

"நகராத" என்றேன்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உடைந்தது ஒரு கேபினெட்டின், அதாவது கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியின், பக்கக் கதவு. அந்த கேபினெட்டைச் சோதித்து, வாங்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

1. பெட்டியைப் பார்க்கும் வேலை

பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்துச் சேர்ந்தேன். பில் போடும் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஆறு மாதத்தில் நானே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டேன். புதிதாக ஒரு கேபினெட் மாடல் வந்தால், கடை முதலாளி அண்ணாச்சி முதலில் என் மேசைக்குத்தான் ஒரு சாம்பிளை அனுப்புவார். மதர்போர்டு, மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்., டிஸ்க் எல்லாம் உட்காரும் வெறும் பெட்டிதானே என்று பலர் நினைப்பார்கள். மற்ற பாகங்கள் பழுதானால் மாற்றலாம். பெட்டி சரியில்லை என்றால் உள்ளே இருப்பதெல்லாம் சூட்டில் கிடந்து பழுதாகும்.

விலை மலிந்த பெட்டியில் குறை கண்டுபிடிப்பது சுலபம். விலை கூடியதில் குறை குறைவு. நடுவாந்திர விலையில் வருவதைத்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். தயாரித்தவன் பணத்தை எங்கே போட்டிருக்கிறான், எங்கே மிச்சம் பிடித்திருக்கிறான் என்று தெரிய வேண்டும். நான் செய்வது இதுதான். தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். உள்விளிம்பு முழுக்க விரலை ஓட்டுவேன். விரல் கீறினால் அந்தப் பெட்டி திரும்பிப் போகும். மதர்போர்டுக்குப் பின்னால் கேபிள் ஒதுக்க இடம் இருக்கிறதா, முன்பக்க வலையில் காற்று தாராளமாக வருகிறதா, தூசி வடிகட்டியைக் கையால் உருவ முடிகிறதா என்று பார்ப்பேன். முழு மெஷினையும் பூட்டி, ஏ.சி.யை அணைத்து, ஒரு மணி நேரம் முழு லோடில் ஓட விடுவேன். கதவு மூடியிருக்கும்போது என்ன சூடு, திறந்து வைத்தால் என்ன சூடு? இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் இருந்தால் நல்ல பெட்டி.

இன்னொன்றும் உண்டு. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் காயல்பட்டினம், கூடங்குளம் என்று கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள். அதனால் தகட்டின் ஒரு மூலையில் உப்புத்தண்ணீர் தொட்டுவைத்து ஒரு வாரம் விட்டுவிடுவேன். துரு ஏறினால் வேண்டாம்.

இந்த மாடல் எல்லாவற்றிலும் தேறியது. வித்தியாசம் நான்கு டிகிரி. துரு இல்லை. பக்கக் கதவு முழுவதும் டெம்பர்ட் கிளாஸ் என்கிற கடினக் கண்ணாடி. பின்பக்கம் இரண்டு திருகைக் கையாலேயே கழற்றினால் கதவு தனியாக வந்துவிடும். "கழற்றி மாட்ட மிக எளிது" என்று எழுதி அதற்கும் நல்ல மதிப்பெண் போட்டேன். அந்தக் கதவை இருபது தடவையாவது கழற்றியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் மேசையில் விரித்திருக்கும் ரப்பர் பாயில்தான் வைத்தேன். அந்தப் பாய் பல வருடமாக அங்கே கிடப்பதால் அது இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

முதலில் எட்டு பெட்டி வரவழைத்தோம். ஒன்றில் கோமதிக்குக் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தேன். கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். மீதி ஏழும் ஒரு மாதத்தில் விற்றுப்போயின. அண்ணாச்சி இன்னும் இருபதுக்குச் சொல்லிவிட்டார்.

2. நான் எழுதிய அட்டை

எங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருடனும் ஒரு சிறிய அட்டை கொடுப்போம். அதில் இருப்பது பல வருடத்துக்கு முன் நான் எழுதிய வாசகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. ஆயுதபூசைக்கு அரிவாள்மனையிலிருந்து பைக் வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கிற ஊர் இது. அதனால், "ஆயுதபூசைதோறும் பக்கக் கதவைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டவும், உள்ளே பிரஷ்ஷால் தூசி தட்டவும்" என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் பெட்டியைத் திறக்கவே ஆரம்பித்தார்கள். சூட்டில் நின்றுபோகும் மெஷின்கள் குறைந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது கதவு தகடு. பிறகு கண்ணாடி வந்தது. அட்டை மாறவில்லை.

பூசையன்று காலையில் கோமதி என்னிடம் கேட்டாள். "கதவக் கழுவட்டாம்மா? விரல் ரேகையா இருக்கு."

"கழுவு. பைய" என்றேன்.

அவள் பத்திரமாகத்தான் செய்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று சுவரில் சாத்தப் போயிருக்கிறாள். அதன் ஒரு மூலை தரை டைல்ஸில் லேசாகத் தட்டியது. அவ்வளவுதான். கடினக் கண்ணாடி நடுப்பரப்பில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. டைல்ஸ் அதைவிடக் கடினம். மூலையில் பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரே நேரத்தில் சிதறும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கேயோ படித்திருக்கிறேன். என் வேலையோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

3. ஆஸ்பத்திரி பெஞ்சில்

ஆட்டோவில் போகும்போது அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார். அவருக்குப் போன் செய்யவும் எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், மீதி ஏழு பெட்டிகள் நினைவுக்கு வந்தன. ஏழு வீட்டிலும் என் அட்டை இருக்கிறது. ஏழு வீட்டிலும் இதே காலை.

எல்லா வீட்டுக்கும் நான்தான் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தேன். எண்கள் போனில் இருந்தன. வரிசையாகக் கூப்பிட்டேன். முதல் இரண்டு பேர் இன்னும் கழற்றவில்லை. மூன்றாவது ஆள் கழுவி மாட்டிவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. கூடங்குளத்தில் ஒருவர் மெத்தையில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் மெத்தையை விட்டு எடுக்காதீர்கள் என்றேன். காயல்பட்டினத்தில் ஒரு பெண்மணி. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். எங்கள் வீட்டில் பூசை இல்லையே, பெட்டியைத் தொடவே இல்லை என்றவர், என் குரலைக் கேட்டு என்ன நடந்தது என்று விசாரித்தார். சொன்னேன். "போன வைங்க, நான் துஆ செய்யுதேன். ஒங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். ஆறாவது ஆள் போனை எடுக்கவில்லை.

ஏழாவது ஆள் ஆழ்வார்திருநகரியில் ஒரு ஆசிரியர்.

"கழட்டிட்டேனே. ஒங்க கார்டுல போட்ட மாதிரியே சோப்புப் போட்டுக் கழுவியாச்சு" என்றார்.

"இப்ப எங்க சார் இருக்கு?"

"அங்கன முற்றத்துல, சுவத்துல சாத்தி வச்சிருக்கேன். வீட்டுக்காரி பக்கத்துல கோலம் போட்டுட்டு இருக்கா."

"தரை என்ன சார்? சிமெண்டா, டைல்ஸா?"

"டைல்ஸ்தான். ஏன், என்ன விஷயம்?"

"முதல்ல அவங்கள எந்திரிச்சு உள்ள போகச் சொல்லுங்க. நீங்க செருப்பப் போட்டுக்கிட்டு, கண்ணாடிய இழுக்காம, ரெண்டு கையாலயும் நேராத் தூக்குங்க. மூலை எதுலயும் தட்டப்படாது. கட்டில்ல படுக்கப் போடுங்க."

போனைக் கீழே வைத்தார். கோலப்பொடி டப்பா உருளும் சத்தம், அவர் மனைவி ஏதோ கேட்கும் சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, "போட்டுட்டேன். கட்டில்ல இருக்கு" என்றார். கண்ணாடி உடைந்தால் பில் காட்டி வேறு வாங்க முடியாதா என்று கேட்டார். முடியும் என்றேன்.

ஆறாவது ஆள் பதினொரு மணிக்குத் திரும்பக் கூப்பிட்டார். குடும்பத்தோடு கோயிலில் இருந்திருக்கிறார்.

கோமதிக்குக் காலில் நான்கு தையல். முன்கையில் இரண்டு. கண்ணில் ஒன்றும் இல்லை. கீழ் இமைக்கு வெளியே தோலில் ஏறியிருந்த துண்டை எடுத்து டாக்டர் என் கையில் கொடுத்தார். அரிசியைவிடச் சிறியது. இன்னும் கொஞ்சம் மேலே என்றால் வேறு கதை என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

4. அண்ணாச்சியுடன்

மூன்றாம் நாள் கடைக்குப் போனேன். அந்த இருபது பெட்டி வேண்டாம் என்றேன். அண்ணாச்சி நல்ல மனிதர். கோமதிக்குப் பழம் வாங்கிக் கொடுத்து அனுப்பியவர். ஆனால் வியாபாரத்தில் யோசித்துத்தான் பேசுவார்.

"கண்ணாடின்னா ஒடையத்தான் செய்யும் தாயி. பெட்டி என்ன பாவம் பண்ணிச்சு? அட்டைய மாத்திருவோம்."

"அட்டைய யாரு அண்ணாச்சி படிக்கா?"

"படிக்காமலா அந்த வாத்தியார் கழட்டிச் சோப்புப் போட்டாரு?"

 பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். அதே மாடல் தகட்டுக் கதவுடனும் வருகிறது என்றேன். உள்ளே விளக்கு எரிவது வெளியே தெரியாவிட்டால் பையன்கள் வாங்க மாட்டார்கள் என்றார். கடைசியில் பத்து தகட்டுக் கதவு, பத்து கண்ணாடி என்று முடிவானது. கண்ணாடி வாங்குகிறவருக்கு நானே கதவைக் காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அட்டையும் மாறியது: கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

5. இப்போது செய்வது

மேசையிலிருந்து ரப்பர் பாயை எடுத்துவிட்டேன். கதவு கீலில் ஆடித் திறக்கிறதா, தனியாகக் கையில் வந்துவிடுகிறதா என்பதை முதலில் பார்க்கிறேன். அதன் விளிம்பில் தகட்டுச் சட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இவற்றை எல்லாம் மேசையிலேயே பார்த்துவிடலாம். மேசையில் தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில், இந்தத் தொழிலே தெரியாத ஒருவர், கையில் வந்த கதவை என்ன செய்வார் என்பது.

போன மாதம் புதிய சாம்பிள் ஒன்று வந்தது. மறுபடியும் கண்ணாடிக் கதவு, தனியாக வருவது. சூடும் குறைவு, வேலைப்பாடும் சுத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து கோமதியிடம் கொடுத்து, "கதவக் கழட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றேன். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். திருகைக் கழற்றி, கண்ணாடியை மார்போடு அணைத்துத் தூக்கி, நேராகக் கட்டிலுக்குப் போய்ப் போர்வை மேல் படுக்க வைத்தாள்.

இது சோதனை ஆகாது என்று எனக்கு உடனே புரிந்தது. அடிபட்டவளுக்குத் தெரிகிறது. நான் பார்க்க வேண்டியது அடிபடாத வீட்டுக்குப் போகும் பெட்டியை.

மாடியில் குடியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். வங்கியில் வேலை பார்க்கிறவர், கெட்டிக்காரி, கம்ப்யூட்டரைத் திறந்ததே இல்லை. இரண்டு திருகையும் சுலபமாகக் கழற்றினார். கண்ணாடி கையில் வந்ததும் சுற்றிப் பார்த்தார். மேசையில் இடமில்லை. இரண்டு எட்டு நடந்து, தரையில் ஊன்றிச் சுவரில் சாத்தக் குனிந்தார். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"தப்பா பிடிச்சிட்டேனாக்கா?" என்றார்.

இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றேன்.

மறுநாள் அந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எழுதியது ஒரு வரிதான்: கழற்றிய கதவை வைக்க வீட்டில் இடம் இல்லை. அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.