என்னை மாற்றக் கூடாது என்றார்கள்

எங்கள் ஊர்ப் பக்கம் பிசியோதெரபி என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். முதுகு வலிக்குக் கரண்ட், மூட்டு வலிக்குக் கரண்ட், பக்கவாதம் வந்து கை விழுந்துபோனாலும் கரண்ட். அதை வைக்கிற நான் கரண்ட் அம்மா. அந்தப் பெட்டிக்கு என் வேலையில் ஓர் ஓரம்தான் இடம், மற்றதெல்லாம் கையால் செய்கிற வேலை என்று ஆரம்ப காலத்தில் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். எந்தப் பெயரால் கூப்பிட்டால் என்ன, வந்தவர்கள் நடந்து போனால் சரி.

ஆரணியைச் சுற்றியுள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை, இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். சேர்ந்தபோது இரண்டாம் நிலை. இப்போதும் இரண்டாம் நிலை. என்னோடு சேர்ந்த நர்ஸ் ஒருவர் படிப்படியாக ஏறி, கண்காணிப்பாளராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். எங்களுக்கு ஏறுவதற்கு இருப்பது ஒரே படி, முதல் நிலை. அந்த இடங்களும் பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் உண்டு, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று. அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓய்வு பெறும் வரை எழுந்திருக்க மாட்டார். அவர் எழுந்தால்தான் கீழே இருப்பவருக்கு விடியும்.

சம்பளம் கொஞ்சம்தான் கூடும், அதற்காக நான் அலையவில்லை. ஒருமுறை பயிற்சிக்காக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நீளமான கூடம், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் கம்பிகள், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. என்னைவிட வயதில் மூத்த ஓர் அம்மா, முதல் நிலைக்காரர், ஒரு நோயாளியின் தோளில் கைவைத்து, சுற்றி நின்ற மாணவர்களிடம் இங்கே தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் அம்மா களம்பூர் ரைஸ் மில் களத்தில், சுடச்சுடக் கொட்டிய புழுங்கல் நெல்லைக் காலால் துழாவியவர். அந்த வீட்டிலிருந்து வந்த நான் கற்றுக்கொண்டதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அது பேராசை என்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு ஓர் அறை உண்டு. ஒரு கட்டில், கரண்ட் பெட்டி, கயிறு போட்ட ஒரு கப்பி, அவ்வளவுதான். மிச்ச இடத்தில் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பார்கள். போன வருடம் மழைக்காலத்தில் ஸ்டோர் ஒழுகியதென்று சலைன் பெட்டிகளையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். நோயாளியை நடக்கவைக்க இடமில்லை. தலைமை டாக்டரிடம் போய்க் கேட்டேன். அவர் அலட்சியமாக ஏதோ சொன்னார். எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழாது. மருந்துக்காக வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. பெட்டிகள் மறுநாள் போய்விட்டன. ஆனால் நான் பெரிய டாக்டரையே எதிர்த்துப் பேசியதாக ஊர் முழுக்கப் பேச்சு ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு நெசவாளர் வந்துகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். வலது பக்கம் பக்கவாதம். பாதம் தூக்கவே வராமல் தரையில் இழுபட்டது. நான் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அறையில் செய்வார், வீட்டுக்குப் போனால் தொடவே மாட்டார். சும்மா காலை ஆட்டுவதற்கு நான் என்ன கைக்குழந்தையா என்று என் முன்னாலேயே மனைவியிடம் எரிந்து விழுந்தார். சில நோயாளிகளிடம் கெஞ்சலாம், சிலரிடம் அதட்டலாம். இவரிடம் இரண்டும் செல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் நாளில், அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அமுக்கினால்தான் தறி ஓடும். அதைப் பார்த்ததும் எனக்கு வழி கிடைத்தது. அவரைக் கைத்தாங்கலாக அந்த இடத்தில் உட்காரவைத்தேன். நெய்ய வேண்டாம், மிதித்தால் போதும் என்றேன். வலது கால் மிதியைத் தேடிக் கண்டுபிடிக்கவே அன்றைக்கு நேரம் பிடித்தது. ஆனால் அங்கே அவர் ஒரு முறையும் சலித்துக்கொள்ளவில்லை. தினமும் உட்கார்ந்தார். நான் போனால் காட்டுவதற்காகவே மிதித்துக் காட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதம் மேலே வந்தது. பிறகு கோல் ஊன்றித் தெருமுனை வரை, அப்புறம் டீக்கடை வரை. டீக்கடை பெஞ்சில் அவரைப் பார்த்த அன்று நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். அவர்தான் வாங்கிக்கொடுத்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து எனக்குப் பதவி உயர்வு ஆர்டர் வந்தது. பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில், நான் பார்த்து வயிறெரிந்த அதே ஆஸ்பத்திரியில், அதே கூடத்தில். அந்த அம்மா ஓய்வு பெற்றிருந்தார். பேப்பரைக் கையில் வாங்கியபோது எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. இங்கே யாருக்கும் இவ்வளவு பக்கத்தில் இடம் கிடைத்ததில்லை. ராமநாதபுரம் போ, நாகர்கோவில் போ என்றுதான் வரும், பாதிப் பேர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிக்கொண்டு வந்தேன். நெசவாளர் வீட்டில் சொல்லும்போது மட்டும் அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரமோஷன் வந்திருக்கிறது, அதனால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி எனக்குக் காபி போட உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் கிளம்பிய பிறகு அந்தத் தெருவில் என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர்களுக்கு மாற்றல் என்றால் தண்டனை. அதிலும் பிரமோஷன் என்று சொல்லி மாற்றுவது பெரிய தண்டனை. முன்பு ஆற்று மணல் லாரிகளைப் பிடித்த ஓர் அதிகாரி இருந்தார். அவருக்கு மாலை போட்டு, பிரமோஷன் என்று பேப்பரில் போட்டு, எங்கேயோ ஒரு மூலைக்கு அனுப்பினார்கள். அதை அந்தத் தெரு மறக்கவில்லை. நான் பெரிய டாக்டரோடு சண்டை போட்டதும் அவர்களுக்குத் தெரியும், என் கண்ணீரையும் பார்த்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டார்கள். அவர்கள் இடத்தில் என் அம்மா இருந்திருந்தாலும் அப்படித்தான் கூட்டியிருப்பார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். நான் விடுப்பில் இருந்தேன், புது இடத்தில் சேர்வதற்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருத்தி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு வேன் வந்து நிற்கிறது. அதிலிருந்து என் நோயாளிகள் இறங்குகிறார்கள். இடுப்பு எலும்பு உடைந்து நான் எழுப்பி நிறுத்திய ஆயா, கழுத்தில் பட்டை போட்டவர், கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டவர், எல்லோருக்கும் முன்னால் நெசவாளர். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. யாரையும் பிடித்துக்கொள்ளாமல் கோலோடு நடக்கிறார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். குதிகால் முதலில் தரையைத் தொடுகிறதா என்று பார்த்தேன். தொட்டது. அங்கே படிகள் இருந்தன. ஏறும்போது நல்ல கால் முதலில் என்று அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், வீட்டு வாசற்படியில் தப்பாகத்தான் ஏறுவார். அங்கே ஒரு படியிலும் தப்பு செய்யவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டு 'அப்படித்தான், அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் அவர்கள் எதற்காகப் போயிருக்கிறார்கள் என்பது காதில் விழுந்தது. எங்கள் டாக்டரம்மாவை மாற்றக் கூடாது என்று மைக்கின் முன்னால் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். கரண்ட் அம்மா என்று சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஜல்தியாக நடந்தது. எனக்கு ஒரு நல்லது என்றால் இத்தனை வருடம் நகராத அரசாங்கம் இதற்கு ஓடியது. உள்ளூர்த் தலைவர் ஒருவரும் அவர்களுக்காகப் பேசினார். ஆஸ்பத்திரியின் கருத்தைக் கேட்டார்கள். இவர் இங்கே மிகவும் தேவைப்படுகிறார் என்று தலைமை டாக்டர் சொல்லிவிட்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, நான் போனால் அந்த இடம் காலியாகவே கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். பொதுநலன் கருதி என்னை இதே இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த இடத்தில் முதல் நிலைப் பதவி கிடையாது. அதனால் பதவி உயர்வையும் நிறுத்திவைத்தார்கள்.

சென்னைக்குப் பஸ் ஏறினேன். எங்கள் துறை அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையாக நின்றேன். நான் கேட்காத மனு அது, எனக்குப் போக வேண்டும் என்றேன். கடைசி மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். "பப்ளிக்கே உங்கள விடமாட்டேங்குது, யாருக்கு மேடம் இந்தக் குடுப்பினை?" என்றார். பதவி உயர்வுப் பட்டியலில் எனக்கு அடுத்து இருந்தவர் அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதையும் அவர்தான் சொன்னார். என்னைவிட வயதில் சின்னவர். அவர் ஓய்வு பெறும்போது நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியிருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். அந்தத் தெருவையே திட்டினேன், வாய்க்குள்தான், ஆனால் நன்றாகத் திட்டினேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண் யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் என் அறை வாசலில் கூட்டம். மாலை, சால்வை, ஸ்வீட் பாக்ஸ். நெசவாளர் இடது கையால் எனக்கு மாலை போட முயன்றார், நானே குனிந்து வாங்கிக்கொண்டேன். "இனிமே உங்கள எவனும் அசைக்க முடியாதும்மா. நாங்க கீறோம்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. வாழ்நாளில் ஒருவருக்கு ஏதோ செய்துவிட்டோம் என்கிற முகம். அதைப் பார்த்து எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் ஸ்வீட்டை நானே எடுத்துக் கொடுத்தேன். நானும் ஒன்று தின்றேன்.

அவருக்கு அதைச் சொன்னது ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒருவர்தான். மருந்து வாங்க நின்ற இடத்தில், "உங்களாலதான் அந்தம்மா புரோமோஷன் போச்சு, தெரியுமா பெரியவரே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நெசவாளர் மருந்தை வாங்காமலே திரும்பிப் போய்விட்டார். அந்த வாரம் என்னிடம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை போனேன். தறிக்குழியில் யாரும் இல்லை, பலகையைப் போட்டு மூடி மேலே துணிமூட்டை வைத்திருந்தார்கள். அவர் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டீக்கடைக்குக்கூடப் போகிறதில்லை, கூப்பிட்டால் பேஜார் பண்ணாதே என்கிறார் என்று மனைவி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கோல் மூலையில் சாய்ந்திருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டேன். விறைக்க ஆரம்பித்திருந்தது. அதை மறுபடியும் கொண்டுவர எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணா, எழுந்து உட்காருங்க என்றேன். அடுத்த வருடம் எனக்கு இன்னொரு இடம் வருகிறது, இதைவிட நல்ல இடம், நீங்கள் செய்ததில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றும் சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

"நடக்க வெச்சதே நீங்கதானே," என்றார். "நான் படுத்துக்கினே இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்க. நான் நடந்தே இருக்கக் கூடாதும்மா."

விலக்கிய போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன். பஸ்ஸில் அந்தத் தெருவைத் திட்டியது எல்லாம் அப்போது என் முன்னால் வந்து நின்றது. என் பதவி போனதற்கு நான் பட்ட வருத்தத்தைவிட இது பெரிய வருத்தமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது.

இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். அவர் மறுப்பதில்லை, காலைக் கொடுக்கிறார். நான் மடக்கி நீட்டிவிடுகிறேன், கணுக்காலைச் சுழற்றுகிறேன், பாதத்தை என் கைக்கு எதிராக மேலே தள்ளச் சொன்னால் தள்ளுகிறார். எனக்கு வலிக்குமோ என்று மெதுவாகத் தள்ளுகிறார். எழுந்து நிற்கச் சொன்னால் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறார்.