இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது

தெருவில் அவளுக்குக் கண்ணாடி அக்கா என்று பெயர். பதினாறு வருடமாக ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறாள். எதிரே யார் வந்து நின்றாலும், இந்த மூக்குக்கு எந்த ஃபிரேம் நிற்கும் என்றுதான் அவள் மனசு முதலில் பார்க்கும். கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். மாலையில் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், "என்ன, கரண்ட் போயிடுச்சா?" என்று மகள் கேலி செய்வாள். அவன் அவளுக்கு அத்தை மகன்தான். சொந்தத்துக்குள் முடிந்த கல்யாணம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு.

மகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பதை முதலில் கவனித்தவள் அம்மாதான். கடையில் பவர் பார்க்கும் பெண் விடுப்பில் இருந்தாள். இது என்ன பெரிய விஷயம் என்று தானே இயந்திரத்தின் முன் உட்காரவைத்துப் பார்த்து, அரை பவரில் கண்ணாடி போட்டுக் கொடுத்தாள். காலையில் எழுந்ததும் தலைவலி என்றாள் மகள். பவர் கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது என்று அம்மா மாற்றினாள். மகள் வாந்தி எடுத்தாள். கண்ணாடி பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. இரண்டு மாதத்தில் மூன்று முறை லென்ஸை மாற்றினாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது, இல்லாத படியில் கால் வைத்து மகள் உருண்டாள்.

"ரெண்டு படி தெரிஞ்சுதும்மா. தப்பான படியில கால வச்சுட்டேன்."

அன்று மதியமே ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ஊர் கண்ணுக்கெல்லாம் பவர் போட்டவள் பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்க்கத் தெரியாமல் போனாளே என்பதுதான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

அறுவை சிகிச்சை நடந்தது, கதிர்வீச்சும் நடந்தது. அடுத்து மாத்திரை தொடங்க வேண்டும். அதற்குள் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஏதோ ஒரு அறிக்கை வந்து, மரபணு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். தலை முழுக்க நரைத்த அம்மாள் அவர். அம்மா அப்பா இருவரின் ரத்தத்தையும் மகளின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டார்.

"நம்ம உடம்பு வளரணும்னா செல்லுங்க பெருகணும்," என்றார் நிதானமாக. "பெருகும்போது உள்ள இருக்கிற டிஎன்ஏவ நகல் எடுக்கும். அதுல தப்பு வரும். எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். அந்தத் தப்பச் சரி பண்றதுக்குன்னே சில மரபணு இருக்கு. ஒவ்வொண்ணும் ரெண்டு பிரதி, அம்மா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அதுல ஒரு பிரதி கெட்டிருக்கு. மிச்சம் ஒண்ணு நல்லா இருக்கிறதால இத்தன வருஷம் தெரியல. பாப்பாவுக்கு ரெண்டுமே கெட்டதா வந்துடுச்சு."

"அப்ப அவளுக்கு?"

"தப்பு சேந்துக்கிட்டே போகும், திருத்த ஆள் இல்ல. அதான் இந்த வயசுல கட்டி."

பிறகு ஒரு தாளை எடுத்துக் கட்டமும் வட்டமுமாக வம்சத்தை வரையத் தொடங்கினார். உங்க அப்பா எப்படி இறந்தார் என்று அவளைக் கேட்டார். குடலில் புற்றுநோய், நாற்பத்திரண்டு வயதில் என்றாள். அவருடைய தங்கை? "எங்கம்மா," என்றான் கணவன். "கர்ப்பப்பையில. நாப்பத்தேழு." டாக்டர் பேனாவால் ஒரு கட்டத்தையும் ஒரு வட்டத்தையும் கறுப்பாக அடைத்தார். "ஒரு பிரதி கெட்டிருந்தாலே நடு வயசுல இப்படி வரலாம்," என்றார். அண்ணனும் தங்கையும் தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒருவருடைய பிள்ளை அவள், இன்னொருவருடைய பிள்ளை அவன்.

"பாப்பா உடம்புல காபி நிறத்துல திட்டுத் திட்டா இருக்குல்ல? இந்த நோயில பல பேருக்கு அப்படி இருக்கும். இன்னொரு பிள்ளை இருக்கான்னீங்களே, அவனுக்கு இருக்கா?"

"இல்ல," என்றாள்.

கணவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. சின்னவனுக்கு முதுகில் மூன்று, தொடையில் இரண்டு, விலாவில் ஒன்று. தினமும் குளிப்பாட்டுகிற கை அவளுடையது.

வீட்டுப் படியில் வைத்தே கேட்டான்.

"ஏன் பொய் சொன்ன?"

"சொன்னா என்ன பண்ணுவாங்க? ரத்தம் எடுப்பாங்க. இருக்குன்னுவாங்க. அப்புறம் தெனம் தெனம் அவன் மூஞ்சியப் பாத்துச் சாகணுமா?"

"மறைச்சா இல்லாமப் போயிடுமா?"

"உங்கம்மா கொடுத்தது, உங்களுக்கென்ன வலிக்கும்?"

வாயிலிருந்து விழுந்தபிறகுதான் உறைத்தது. அவளுடைய அப்பாவும்தானே கொடுத்தார். அவன் மேலே ஏறிப் போனான். பதினோரு நாள் இருவருக்கும் பேச்சில்லை.

அந்த நாட்களில் ஒன்றில் சின்னவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் சோப்புப் போட்டாள். நாரை எடுத்தாள். எப்போது அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. "எரியுதும்மா, எரியுதும்மா" என்று அவன் வீறிட்டபோது பார்த்தால் முதுகு சிவந்து கன்றியிருந்தது. திட்டு மூன்றும் அப்படியே இருந்தன. நாரை எறிந்துவிட்டு, நனைந்த பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன்தான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டான், அதுவும் சோப்புக் கையால்.

மகளுக்கு வழக்கமான மாத்திரை இந்த மாதிரிக் கட்டியில் எடுபடாது என்று புற்றுநோய் டாக்டர் அதைத் தொடங்கவேயில்லை. அதற்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். தப்பு அவ்வளவு குவிந்த கட்டியை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்நியன் என்று அடையாளம் கண்டுகொள்ளக்கூடும், அந்தச் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும் கடிவாளத்தை இந்த மருந்து அவிழ்த்துவிடும் என்றார். முதலில் வீக்கம் கூடி, பிழைக்கமாட்டாள் என்று நினைத்தார்கள். பிறகு இறங்கியது. நாலு மாதம் மகள் பள்ளிக்கூடம் போனாள். மொட்டைத் தலையைத் தடவி, "எண்ணெய்ச் செலவு மிச்சம்" என்று சிரித்தாள். அந்த நாலு மாதமும் வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். சின்னவனின் திட்டுகளைப் பற்றி அம்மா வாயே திறக்கவில்லை, அப்பாவும் வற்புறுத்தவில்லை. நல்லது நடந்துகொண்டிருக்கையில் கெட்டதை யார் பேசுவார்கள்?

ஐந்தாம் மாதம் இடது கை தொங்கிப்போனது. மறுபடி ஆஸ்பத்திரி, ஐந்தாவது தளம். ஒரு மத்தியானம் வாய் குழறக் குழற மகள் கேட்டாள்.

"தம்பிக்கும் என்ன மாதிரிப் புள்ளி இருக்குல்ல? டாக்டர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் கண்ணு."

"அவனுக்குச் சீக்கிரம் பாக்கச் சொல்லு. எனக்கு லேட்டாயிடுச்சு."

யாரையும் குறை சொல்லும் குரலில்லை அது. அம்மா எழுந்து நேரே மரபணு டாக்டரின் அறைக்குப் போனாள். வரிசையில் நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, "இருக்கு டாக்டர். ஆறு இருக்கு. நான் பொய் சொன்னேன்," என்றாள். அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சின்னவனுக்கும் இரண்டு பிரதியும் கெட்டவை. ஸ்கேனில் பார்த்தால் மூளையில் பயறு அளவில் ஒரு கட்டி. அறுவை சிகிச்சைக்கு அவனை மூன்றாவது தளத்தில் சேர்த்தார்கள். மேலே ஒரு பிள்ளை, கீழே ஒரு பிள்ளை. புருஷனும் பெண்டாட்டியும் ஆள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். பேசிக்கொண்டதெல்லாம் லிஃப்டுக்குள் மட்டும்தான். "சாப்பிட்டாளா?" "ஒரு வாய்." "அவன்?" "தூங்கறான்."

சின்னவனுக்குக் கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள் என்று சொன்ன மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, அவள் அவனுக்கு ஸ்பூனால் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவன் லிஃப்டில் வராமல் படி இறங்கி வந்து வாசலில் நின்றான். அவள் ஸ்பூனை டம்ளருக்குள் வைத்தாள். "பெரியவ கேட்டாளா என்னை?" என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான். தூக்கத்திலேயே போய்விட்டாள்.

பல மாதம் கழித்து டாக்டரிடம் கேட்டாள்.

"நான் அன்னிக்கே சொல்லியிருந்தா?"

"பையன் விஷயத்துல பெருசா ஒண்ணும் மாறியிருக்காதும்மா. பாப்பா விஷயத்துல ஒண்ணுமே மாறியிருக்காது."

அந்தப் பதிலை அவள் இன்றுவரை நம்பவில்லை. இருட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவளுக்கு எந்தப் பதிலும் பதிலாவதில்லை.

மகன் இப்போது இரண்டாம் வகுப்பு. மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை மூளைக்கு ஸ்கேன், வருஷத்துக்கு ஒரு முறை குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது. அவளும் கணவனும்கூடக் குடலைக் காட்டிக்கொள்கிறார்கள். போன வருஷம் கணவனுக்கு ஒரு சதைக்கட்டி அகப்பட்டு, முற்றுவதற்குள் நறுக்கி எடுத்தார்கள்.

போன வாரம் மகனுக்கு ஒன்பதாவது ஸ்கேன். சுத்தமாக இருக்கிறது என்றார்கள். கணவன் வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று விசும்பினான். அவள் அழவில்லை. முன்மேசைக்குப் போய், "அடுத்தது எப்ப?" என்று கேட்டாள். தேதி எழுதிய சீட்டை வாங்குவதற்குள், அவசரமாக ஒண்ணுக்கு வருகிறது என்று மகன் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.